கடைசியாக ஒரு கூட்டுக் கணக்கு

விவாகரத்து வழக்கு தீர்ப்புக்குக் காத்திருந்த நாட்களில், ஐஸ்காரன் ஒரு மத்தியானம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தான். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த அவன் மனைவிக்கு அவன் வந்தது தெரியாது. கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸக்கா. முதலாளி கூட அப்படித்தான் கூப்பிடுவார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சுழலும் கல்லில் ஒரு கண்ணாடி வட்டத்தைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் அதன் வழியாக அவன் முகம் தெரிந்தது.

"வேலையா இருக்கியா? முடிச்சுட்டு வா, அவசரமில்ல. நான் காத்திருக்கேன்" என்றான்.

லென்ஸக்கா கல்லை நிறுத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் 'காத்திருக்கேன்' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. காத்திருப்பது எப்போதும் அவள் வேலை.

ஐஸ் கட்டி விற்கத் தொடங்கியவன் அவன். பிறகு அது குளிர்பதனக் கிடங்காக வளர்ந்தது. மீனும் இறைச்சியும் ஐஸ்கிரீமும் கடைகளுக்குப் போகும்வரை உறைந்து கிடக்கும் இடம். தொழில் மாறினாலும் பெயர் மாறவில்லை. ஆட்களுக்கு ஐஸ் வைப்பதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திப் போனது. ஐஸ் வைப்பதெல்லாம் வெளியாட்களுக்குத்தான். வீட்டு வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் மூக்கில் கண்ணாடி நழுவிக்கொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் அவளே அதைக் கழற்றி, திருகாணியை முடுக்கி, துடைத்து மாட்டிவிட்டாள். அவன் "தேங்க்ஸ்" வேறு சொன்னான்.

"இந்த வருஷ வரிக் கணக்கை வழக்கம்போல சேத்தே போட்டுடலாம்னு ஆடிட்டர் சொல்றார்" என்றான். "புருஷன் பெண்டாட்டி சேத்துப் போட்டா வரி குறையும். தனித்தனியாப் போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

"தீர்ப்பே வரப்போகுது. இன்னும் என்ன சேத்து?"

"வருஷம் முடியற வரைக்கும் நாம சேந்துதானே இருந்தோம்? சட்டத்துல அதுதான் கணக்கு. கடைசியா ஒரு தடவை." அவன் எழுந்து நின்றான். "அப்புறம், அந்த வீடு. அதை நீயே வெச்சுக்க. வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்."

அவளுடைய வக்கீல் ஒரு வருடமாகத் தொண்டை வறளக் கத்தியும் அசையாத வீடு அது. இப்படிப் போகிற போக்கில் கைக்கு வந்துவிட்டது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் போன பிறகு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு லென்ஸை அளவுக்கு மீறித் தேய்த்து வீணாக்கினாள். அவள் கையில் அப்படி ஆனதே இல்லை என்று முதலாளி ஆச்சரியப்பட்டார்.

ஆடிட்டரின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கோப்புகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். ஜன்னலைக் கூட அவை பாதி மறைத்திருக்கும். ஆடிட்டர் நல்ல குண்டு. சிரித்தபடியே பேசுவார். ஆனால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே பார்த்துச் சிரிப்பார்.

ஐஸ்காரன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக அவன் தங்கை வந்திருந்தாள். அண்ணனின் கிடங்கு அலுவலகத்தில் போன் எடுக்கவும் பில் போடவும் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டியும் குடும்பத்தில் அவள் பெயர் குட்டிதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். லென்ஸக்காவுக்கு அந்தக் குடும்பத்தில் ஒட்டிய ஒரே ஆள் அவள்தான். வழக்கு தொடங்கிய நாளில் மற்றவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "கோர்ட்டு உங்களை அண்ணன்கிட்டேருந்துதான் பிரிக்குது, என்கிட்டேருந்து இல்ல" என்று சொன்னவள்.

கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் காகித நாக்குகள் ஒட்டியிருந்தன. லென்ஸக்கா முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினாள்.

"படிக்கணும்னா தாராளமாப் படிங்க" என்றார் ஆடிட்டர், அவள் தோளுக்கு மேலே பார்த்து. "ஆனா இன்னிக்கு உள்ள போகலேன்னா அபராதம். அதான் யோசிக்கிறேன்."

"அண்ணி, பவர் ஏத்தின லென்ஸ் போட்டுப் பாத்தாலும் நமக்கு இதெல்லாம் புரியாது. போட்டுத் தள்ளுங்க, காபி குடிக்கப் போலாம்" என்று குட்டி சிரித்தாள்.

லென்ஸக்காவும் சிரித்துவிட்டு ஒவ்வொரு மஞ்சள் நாக்காகத் தேடிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் மட்டும் அவள் பேனா நின்றது. அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பங்குதாரர்' என்று இருந்தது. கீழே ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"இது என்ன, நான் எதுல பங்கு?"

"அது சும்மா பேருக்குமா. வரியைக் குறைக்கறதுக்கு ஒரு வழி. பல வருஷமா இப்படித்தான் போகுது, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க." ஆடிட்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். ஆனால் வீடு அவள் பெயருக்கு மாறும் பத்திரம் வக்கீலின் மேசையில் இருந்தது. இப்போது எதையாவது கிளறினால் அது நழுவிவிடுமோ என்ற பயம் அவள் கையைப் பிடித்துத் தள்ளியது. அவள் போட்டாள்.

தீர்ப்பு வந்தது. தொழில் சம்பந்தப்பட்ட வரி எல்லாம் கணவன் பொறுப்பு என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. வக்கீல் அதை விரலால் தட்டிக்காட்டி, "இனிமே நிம்மதியா இருங்க" என்றார். ஐஸ்காரன் தன் துணிகளையும் ஒரு இரும்பு அலமாரியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பாத்திரம், பண்டம், சோபா, டிவி எதையும் கேட்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று அக்கம்பக்கத்தில் வியந்தார்கள். எதிர்வீட்டு டீச்சர், "இவ்வளவு தங்கமான ஆளை எதுக்கு விட்டீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணைகளை லென்ஸக்கா தன் சம்பளத்திலிருந்து கட்டினாள். முதலிலிருந்தே அந்தக் கடனைக் கட்டி வந்தது அவள்தான். அவன் பணமெல்லாம் தொழிலில் 'ரொட்டேஷனில்' இருக்கும், கைக்கு வந்ததே கிடையாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் தெருவின் அந்தப் பக்கம் நின்று வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முன்பக்கம், பக்கவாட்டு, மாடி. அவள் வெளியே வந்து கேட்டதும் மரியாதையாகச் சிரித்து, "மதிப்புப் போடறோம்மா, பொதுவா" என்று சொல்லிவிட்டு நடந்தான். பொதுவாக என்றால் தெருவில் மற்ற வீடுகளையும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

அந்த வாரமே எதிர்வீட்டு டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். "உங்களைப் பத்தி ரெண்டு பேர் விசாரிச்சாங்க. நீங்க கார் வெச்சிருக்கீங்களா, வெளியூர் போறீங்களான்னு. பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சு நல்லபடியா சொல்லிவெச்சேன்."

லென்ஸக்கா ஆடிட்டருக்குப் போன் செய்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேரிலேயே போனாள். மருந்துக்கடை இருந்தது. மேலே கதவில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கோப்புகள் ஒன்றுகூட இல்லை. அவை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. முதன்முறையாக அந்த அறைக்குள் வெயில் முழுசாக விழுந்து கிடந்தது.

வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நடுவயதில் ஒரு அதிகாரியம்மா, கூட ஒரு இளைஞன். அதிகாரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். காபியும் வேண்டாம். இளைஞன் பேசவே இல்லை. அறைகளை அளப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"துறைமுகப் பக்கம் இருக்கற கிடங்குக்குக் கடைசியா எப்பப் போனீங்க?" என்று அதிகாரியம்மா கேட்டாள்.

"துறைமுகத்துலயா? அவருக்கு ஒரே கிடங்குதான். பைபாஸ்ல."

அதிகாரியம்மா தலையாட்டினாள். நம்புகிறாளா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. பிறகு நிதானமாக, குழந்தைக்குப் பாடம் சொல்வது போல விளக்கினாள். கிடங்கின் வரவில் பாதியைப் பல வருடங்களாகக் கணக்கிலேயே காட்டவில்லை. காட்டாத பணம் இன்னொரு கம்பெனி வழியாக வெளியே போயிருக்கிறது. அந்தக் கம்பெனியில் பங்குதாரர் லென்ஸக்கா. துறைமுகப் பக்கம் அவனுக்கு ஒரு கிடங்கு ஓடுவதாகத் தகவல், யார் பெயரில் என்றுதான் தெரியவில்லை. கூட்டுக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருப்பதால், மொத்த வரியையும் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

"தீர்ப்புல எழுதியிருக்கு மேடம். தொழில் வரி அவர் பொறுப்புன்னு." லென்ஸக்கா ஓடிப்போய்த் தீர்ப்பு நகலை எடுத்து வந்தாள்.

அதிகாரியம்மா அதைப் பொறுமையாகப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற ஒப்பந்தம்மா. எங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்க கட்டிட்டு, அப்புறம் அவர்மேல கேஸ் போட்டு வாங்கிக்கலாம். கோர்ட்டுல நீங்க பிரிஞ்சாச்சு. எங்க கணக்குல இன்னும் பிரியலை."

"அவர்கிட்டக் கேளுங்களேன்."

"கேட்டோம். அவர் பேர்ல எதுவுமே இல்ல. கிடங்கு வாடகைக்கு எடுத்தது, வண்டி தவணையில ஓடுது, வீடு..." அதிகாரியம்மா சுவரை, கூரையை, ஜன்னலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "வீடு உங்க பேர்ல இருக்கு."

அப்போதுதான் அந்தத் தங்கமான ஆள் ஏன் வீட்டை விட்டுக்கொடுத்தான் என்பது லென்ஸக்காவுக்கு உறைத்தது. விட்டுக்கொடுக்கவில்லை. கடன்காரன் வந்தால் கடித்துக்கொள்ள ஒரு எலும்பாக அவளையும் வீட்டையும் சேர்த்து வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவர்கள் போனதும் அவனுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"வந்தாங்களா?" என்றான். அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பயப்படாதே. எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு, அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன்." குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "ஆனா ஒண்ணு. நான் சொன்னேன், ஆடிட்டர் சொன்னார்னு ஏதாவது கதை சொல்ல ஆரம்பிச்சேன்னு வெச்சுக்க, பங்குதாரர் கையெழுத்து உன்னோடது. நீயேதான் நடத்தினேன்னு சொல்ல எனக்கு ஆள் இருக்கு. வீட்டுல தனியா வேற இருக்கே. கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்கு."

கடைசி வாக்கியத்தையும் அதே பஞ்சுக் குரலில்தான் சொன்னான். அக்கறையா மிரட்டலா என்று யாரிடமாவது சொல்லிக் கேட்டால் அக்கறை என்றுதான் சொல்வார்கள்.

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு இளம் வக்கீல் கிடைத்தாள். விவரம் தெரியாமல் கூட்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்ட கணவனோ மனைவியோ விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று அவள்தான் சொன்னாள். விவாகரத்து ஆகியிருந்தால் வழி இன்னும் சுலபம். "ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறது நிக்கணும். தெரிஞ்சிருந்தது, சந்தேகப்பட்டீங்க, ஆனாலும் போட்டீங்கன்னு வந்தா போச்சு."

லென்ஸக்கா வெறுமனே தலையாட்டினாள். பேனா நின்ற அந்தப் பக்கத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மனு விசாரணைக்கு முந்தின வாரம் குட்டி வந்தாள். புதுச் செருப்பு, புதுக் கைப்பை, முகமெல்லாம் பல். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினாள்.

"அண்ணி, ஒரு நல்ல செய்தி. நீங்க மட்டும் வயிறெரியாம கேக்கணும். நான் ஃபிளாட் வாங்கப்போறேன். அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"பணம்?"

"என் சேமிப்பு, கொஞ்சம் அண்ணன் குடுத்தார். புதுசா ஒரு கம்பெனி தொடங்கியிருக்கார், துறைமுகத்துல. என் பேர்லதான். நான்தான் டைரக்டர்! போர்டுல பேர் போட்டிருக்கு." அவள் தன் சிரிப்பைத் தானே தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் எவ்வளவு மாறிட்டார் தெரியுமா? நேத்து வந்தார், நான் போன்ல இருந்தேன். பேசி முடி, நான் காத்திருக்கேன்னு உக்காந்திருந்தார். அண்ணனா இதுன்னு எனக்கே சந்தேகம்."

லென்ஸக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். கழுத்துக்குப் பின்னால் ஈரத்துணி போட்டது போல் இருந்தது.

"குட்டி, வரிக் கணக்குப் போட்டாச்சா அதுக்கு?"

"அடுத்த மாசம். புது ஆடிட்டர் வந்திருக்கார்."

"போடாதே. எதுலயும் கையெழுத்துப் போடாதே. டைரக்டர் வேலையை எழுதிக் குடுத்துட்டு வெளிய வா. நாளைக்கே." எல்லாவற்றையும் சொன்னாள். படம் எடுத்தவன், காலியான அலுவலகம், வந்த அதிகாரியம்மா, போனில் அவன் பேசியது. குட்டியின் கால் ஆட்டம் நின்றுபோனது. ஆனால் முகம் இளகவில்லை; இறுகியது.

"அவர்மேல உங்களுக்குக் கோபம். அது நியாயம்தான். அதுக்காக இப்படியா?"

"கோபம் இல்லடி. எனக்கு நடந்ததைத்தான் சொல்றேன்."

"உங்களுக்கு நடந்தது வேற. நீங்க வந்தவங்க, போயிட்டீங்க. நான் கூடப்பிறந்தவ. என்னை அவர் ஏமாத்துவாரா?" மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். "நான் நல்லா இருக்கறது யாருக்கும் பிடிக்கலை. நீங்களாவது வேறன்னு நெனச்சேன்."

கைப்பையை மறந்து வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து, பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, வேலை செய்யாத ஒரு கடிகாரம். எதிரே அதே அதிகாரியம்மா. பக்கத்தில் இளம் வக்கீல். கேள்விகள் மெதுவாகத்தான் வந்தன. வீட்டுக் கடனை யார் கட்டியது? கிடங்குப் பணம் எப்போதாவது உங்கள் கணக்குக்கு வந்ததா? நகை, வெளிநாட்டுப் பயணம்? லென்ஸக்காவின் வங்கிக் கணக்கில் சம்பளம் வந்ததும் தவணை போனதும் தவிர ஒன்றும் இல்லை. வக்கீல் பெண்ணின் முகத்தில் நம்பிக்கை துளிர்த்தது.

"கடைசி வருஷக் கணக்குல பங்குதாரர்ங்கற வார்த்தை இருந்தது. கையெழுத்துப் போடறப்ப அதைப் பாத்தீங்களா?"

வக்கீல் மேசைக்குக் கீழே அவள் முழங்காலை மெல்ல அழுத்தினாள். 'இல்லை' என்பது சின்ன வார்த்தைதான். பார்த்ததற்குச் சாட்சி யார்? ஓடிப்போன ஆடிட்டரும் குட்டியும். ஐஸ்காரன் இத்தனை வருடம் இப்படித்தான் வாழ்ந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன வார்த்தைகளாக.

"பாத்தேன்" என்றாள். "இது என்னன்னு கேட்டேன். சும்மா பேருக்குன்னு சொன்னாங்க. எனக்கு சந்தேகம் வந்தது. வீடு கைவிட்டுப் போயிடும்னு பயந்து போட்டேன்."

வக்கீலின் கை முழங்காலிலிருந்து விலகியது. அதிகாரியம்மா எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "உங்க முன்னாள் கணவர் இப்ப என்ன தொழில் பண்றார்னு தெரியுமா?"

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. சொன்னால் குட்டியின் பெயரும் வரும். சொல்லாவிட்டால் இதே அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குட்டியின் புது ஃபிளாட்டுக்குள் நுழைவாள், இன்னும் சில வருடம் கழித்து, இதைவிடப் பெரிய தொகையோடு. குட்டி இன்னும் ஒரு கணக்கில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. போட இன்னும் சில வாரம்தான் இருந்தது.

லென்ஸக்கா துறைமுகக் கம்பெனியைப் பற்றிச் சொன்னாள். டைரக்டர் யார் என்பதையும் சொன்னாள்.  எதையும் விடாமல் முழுசாகச் சொன்னாள்.

அந்த வாரமே துறைமுகக் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். ஐஸ்காரன் அதற்கு முந்தின நாளே மறைந்துவிட்டான். வெளிநாட்டுக்கு ஓடிவிட்டதாகப் பேச்சு. குட்டியின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். ஃபிளாட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான். கணக்கு எதுவும் போடாததால் அவள்மேல் வரி எதுவும் விழவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல லென்ஸக்கா போன் செய்தபோதெல்லாம் குட்டி எடுக்கவில்லை.

மனுவில் பாதிதான் தேறியது. முந்தைய வருடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. பார்த்தும் கையெழுத்துப் போட்ட கடைசி வருடம் அவள் தலையிலேயே நின்றது. அதிகாரியம்மா உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, "பாக்கலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா இதுவும் போயிருக்கும்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. வருத்தம் மாதிரி ஏதோ இருந்தது.

வீட்டை விற்று வரியைக் கட்டினாள். மிச்சத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறைகள் பிடித்துக் குடிபோனாள். கீழே இயந்திரங்கள் ஓடினால் தரை அதிரும். மேசைமேல் டம்ளர் தானாக நகரும். குடிபோன இரண்டாவது மாதம் குட்டி ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள். அதிகாரிகள் வந்து போனதிலிருந்து வீட்டு ஓனர் அவளை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். கன்னம் ஒட்டியிருந்தது.

"உங்களாலதான் எனக்கு இந்தக் கதி" என்றாள். "அதனால உங்க வீட்டுலதான் இருப்பேன்."

"இரு. யார் வேண்டாம்னா? செருப்பை உள்ள வை, கீழ இருந்தா காணாமப் போயிடும்" என்றாள் லென்ஸக்கா.

அப்படித்தான் கோர்ட்டு பிரித்த குடும்பத்தில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். கொஞ்ச நாளில் குட்டிக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. சில நாட்கள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஒரு பிற்பகலில் கடையில் கரண்ட் போய்விட்டது. முதலாளி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். லென்ஸக்கா படியேறி வரும்போது கீழே இயந்திரங்களும் நின்றிருந்தன. அதனால்தான் கதவுக்கு வெளியே இருந்தே குட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இல்லண்ணா, அவங்க கடைக்குப் போயிருக்காங்க... அண்ணியோட நம்பரா? அந்த வரி அடையாள நம்பர் எதுக்கு? ... அலமாரியிலதான் இருக்கும். பாக்கட்டுமா?"

லென்ஸக்கா கதவைத் தள்ளினாள். குட்டி அலமாரியின் முன் நின்றிருந்தாள். ஒரு கை கதவில், ஒரு கையில் போன். முகம் வெளுத்துவிட்டது. லென்ஸக்கா போனை வாங்கி, ஸ்பீக்கரை அழுத்தி, இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

"குட்டி? இருக்கியா?" ஐஸ்காரனின் குரல் அறைக்குள் பரவியது. "சாப்பிட்டியா முதல்ல? பயப்படாதே. நம்பரை எடுத்து அனுப்பு, அவகிட்டச் சொல்லிக்கிட்டிருக்காதே. ஒரு கையெழுத்து மட்டும் வேணும், அதை நீயே சமாளிச்சு வாங்கிடலாம். உங்க அண்ணி நல்லவ. படிக்காமப் போட்டுக் குடுப்பா." மெல்லச் சிரித்தான். "உன்னை மாதிரியேதான்."

குட்டியின் கண்கள் போனிலேயே நிலைத்திருந்தன.  பதில் வராததால் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அதே பஞ்சுக் குரலில், "நீயா?" என்றான். இணைப்பு அறுந்தது.

அடுத்த நாள் காலையில் இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரியம்மா எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அந்த நம்பர் இப்ப உயிரோட இல்ல. ஆனா நேத்து எங்கேருந்து பேசினாங்கன்னு தெரிஞ்சது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவர் வெளிநாட்டுக்கெல்லாம் போகலம்மா. இங்கதான் இருக்கார். உங்க பேட்டையிலேருந்து ரொம்ப தூரமில்ல. போலீஸுக்குச் சொல்லியிருக்கோம். ஜாக்கிரதையா இருங்க."

வெளியே பஸ் நிறுத்தத்தில் குட்டி திடீரென்று லென்ஸக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, போன வாரமும் பேசினார். எங்க இருக்கேன்னு கேட்டார். சலவைக் கடை மாடின்னு சொல்லிட்டேன்."

லென்ஸக்கா அவளைத் திட்டவில்லை. பூட்டு விற்கும் கடை வழியில் எங்கே இருக்கிறது என்று மட்டும் யோசித்தாள். பெரிய பூட்டாக இரண்டு வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். போக வேறு இடம் இருக்கவில்லை.

அவன் இதுவரை வரவில்லை. போலீஸும் பிடிக்கவில்லை. கீழே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரிவதில்லை. அவை ஓய்ந்த பிறகு படியில் யார் ஏறினாலும் குட்டி பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறாள். லென்ஸக்கா நிற்பதில்லை. கடையில் நடந்ததை, முதலாளி சொன்னதை, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருக்கிறாள், அந்தக் காலடி அடுத்த மாடிக்குப் போய் அடங்கும்வரை.